அத்தியாயம் 7: தடிப்போடு வரும் குழந்தை

புளியங்குடி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் மதுரை–கொல்லம் நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர். எலுமிச்சைத் தோப்பு, வயல், மலையடிவாரப் புதர்க்காடு, நெருக்கமான தெருக்கள் என்று பலவகைச் சூழலிலிருந்தும் இங்கே குழந்தைகள் மருத்துவமனைக்கு வருகிறார்கள். வேர்க்குருவும் சிரங்கும் உண்ணிக் காய்ச்சலும் ஒரே இரவில் வந்து நிற்கலாம். தோல் மருத்துவரைப் பார்க்கத் தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ போக வேண்டும். நள்ளிரவில் அது நடக்கிற காரியமல்ல. பணியில் இருக்கும் மருத்துவரும் செவிலியரும்தான் முடிவெடுத்தாக வேண்டும்.

இந்த அத்தியாயம் அவர்களுக்காக எழுதப்பட்டது. தோல் நோய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவசரப் பிரிவில் விடை தேட வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்தக் குழந்தை காலை வரை காத்திருக்கலாமா, கூடாதா? நோயின் பெயர் பிறகு வரட்டும். இந்தக் கேள்விக்கு விடை காண நல்ல வெளிச்சமும், துணி களைந்த உடம்பும், ஒரு கண்ணாடித் தம்ளரும், பொறுமையான விசாரிப்பும் போதும். இவை எந்தச் சிறிய மருத்துவமனையிலும் உண்டு.

முதல் இரண்டு நிமிடம்

தோலைப் பார்க்குமுன் குழந்தையைப் பாருங்கள். தாய் மடியில் எப்படி இருக்கிறது, உங்களைப் பார்க்கிறதா, அழுகையில் தெம்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அது சிவப்புப் பிரிவு. சிகிச்சையைத் தொடங்கிவிட்டுத்தான் மற்ற விசாரணை.

• கூப்பிட்டாலும் கண் திறக்காமல் துவண்டு கிடப்பது, அல்லது இடைவிடாமல் அனத்துவது
• மூச்சுத் திணறல், இரைப்பு, குரல் கம்முதல், உதடோ நாக்கோ வீங்குதல்
• கை கால் சில்லிட்டிருப்பது; நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப 3 நொடிக்கு மேல் ஆவது
• அழுத்தினாலும் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள், கூடவே காய்ச்சல்
• தோல் உரிவது. கொப்புளத்தோடு வாய், கண், பிறப்புறுப்பில் புண்
• பார்த்தால் சிறிய வீக்கம், தொட்டால் அலறும் அளவு வலி (ஆழத்தில் தசையுறை அழுகத் தொடங்கியிருக்கலாம்)
• பிறந்து 28 நாளுக்குள் காய்ச்சல், நீர்க்கொப்புளம், அல்லது தொப்புளைச் சுற்றிச் சிவப்பு

தட்டம்மை, சின்னம்மை என்று சந்தேகம் வந்தால் வாசலிலேயே தனி இடத்துக்கு மாற்றுங்கள். இரண்டும் காற்றில் பரவும். பக்கத்துப் பெஞ்சில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ உட்கார்ந்திருக்கலாம்.

துணியைக் களைந்து பாருங்கள்

தாய் காட்டும் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு மருந்து எழுதுவதுதான் இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். சட்டை, டிராயர், அரைஞாண் கயிற்றின் அடி, டயப்பர், தாயத்து கட்டிய இடம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். வளர்ந்த பெண் குழந்தையென்றால் திரை போட்டு, தாயும் பெண் செவிலியரும் உடனிருக்கப் பாருங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சம் சிவப்பையும் மஞ்சள் காமாலையையும் மறைக்கும். பகலில் ஜன்னலோரம், இரவில் வெள்ளை விளக்கின் கீழ் பாருங்கள். செல்போன் டார்ச்சைத் தோலுக்குப் பக்கவாட்டில் பிடித்தால் தடிப்பின் மேடு பள்ளம் தெரியும்.

ஒரே வரிசையில் பார்க்கும் பழக்கம் இருந்தால் எதுவும் விட்டுப்போகாது: உச்சந்தலை, காதின் பின்புறம், கண், வாயின் உட்புறம், கழுத்து, அக்குள், மார்பு, முதுகு, தொப்புள், தொடையிடுக்கு, பிட்டம், உள்ளங்கை, உள்ளங்கால், விரலிடுக்கு. தடிப்பு எங்கே இருக்கிறது என்பதே பாதி நோயைச் சொல்லிவிடும். விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் இரவில் அரித்தால் சொறிசிரங்கு. கால்களிலும் பிட்டத்திலும் மட்டும் கைக்குத் தட்டுப்படும் ஊதாப் புள்ளிகளும், கூடவே வயிற்றுவலியும் மூட்டுவலியும் இருந்தால் ரத்தநாள அழற்சி. சிறுநீரைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.

நம் நிறத்தில் சிவப்பு எப்படித் தெரியும்?

பாடநூல் படங்கள் பெரும்பாலும் வெளுத்த தோலில் எடுத்தவை. அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு மாநிறக் குழந்தையின் உடம்பில் ரோஜா நிறத்தைத் தேடினால் கிடைக்காது. லண்டனில் மருத்துவ மாணவராக இருந்த மலோன் முக்வெண்டே தன் ஆசிரியர்களுடன் சேர்ந்து, கறுப்பு மற்றும் பழுப்புத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று காட்டும் கையேட்டை 2020-ல் வெளியிட்டதற்கு இந்தக் குறைதான் காரணம்.

மாநிறத்திலும் கறுத்த நிறத்திலும் அழற்சி செம்பு நிறமாகவோ, ஊதா கலந்த பழுப்பாகவோ, சாம்பல் பூத்தாற்போலவோ தெரியலாம். சில சமயம் நிறமே மாறாது. சூடும் வீக்கமும் சொரசொரப்பும்தான் இருக்கும். ஆகவே கையுறையில்லாத புறங்கையால் தடவி, இரண்டு பக்கத்துச் சூட்டையும் ஒப்பிடுங்கள். ரத்தக்கசிவுப் புள்ளிகளையும் நீலம் பாரித்தலையும் கண் இமையின் உட்புறம், அண்ணம், உள்ளங்கை, உள்ளங்கால், நகப்படுகை ஆகிய வெளுத்த இடங்களில் தேடுங்கள். தாயிடம் "பிள்ளையோட வழக்கமான நிறம் இதுதானாம்மா?" என்று கேளுங்கள். அந்தக் குழந்தையின் நிறத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

அழுத்தினால் மறையாத புள்ளி

தடிப்பின் மேல் கண்ணாடித் தம்ளரின் பக்கத்தை வைத்து அழுத்துங்கள். கண்ணாடி வழியே பார்க்கும்போது நிறம் மறைந்தால் ரத்தநாளம் விரிந்திருக்கிறது. மறையாவிட்டால் ரத்தம் தோலுக்குள் கசிந்திருக்கிறது. காய்ச்சலும் மறையாத புள்ளியும் சேர்ந்து வந்த குழந்தைக்கு மெனிஞ்சோகாக்கஸ் கிருமி ரத்தத்தில் பரவியிருக்கக் கூடும். சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும் நோய் அது. மாதிரி ரத்தம் எடுத்தவுடன் செஃப்ட்ரியாக்சோன் கிலோவுக்கு 80 முதல் 100 மி.கி. கொடுங்கள். ரத்தம் எடுக்க முடியவில்லையென்றால் அதற்காக மருந்தைத் தாமதிக்காதீர்கள். ஒரு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு செஃபோடாக்சிம். மருந்து உள்ளே போன பிறகே ஆம்புலன்ஸ் புறப்பட வேண்டும்.

புள்ளிகள் இருந்தும் காய்ச்சல் இல்லாமல் ஓடியாடி விளையாடும் குழந்தைக்குத் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். எண்ணிக்கை பார்க்க வேண்டும்; தசையில் ஊசி போடக் கூடாது. கடும் இருமல் அல்லது வாந்திக்குப் பிறகு முகத்திலும் கழுத்திலும் மட்டும் வரும் நுண்புள்ளிகள் பெரும்பாலும் தீங்கற்றவை. மார்புக் காம்புக்குக் கீழே ஒரு புள்ளி இருந்தாலும் அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கரும்பொருக்கைத் தேடுங்கள்

மலையடிவார ஊர்களில் பணிபுரிபவர் மறக்கவே கூடாதது உண்ணிக் காய்ச்சல் எனும் ஸ்க்ரப் டைபஸ். புல்லிலும் புதரிலும் வாழும், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய பூச்சியின் இளம்புழு கடிப்பதால் ஓரியன்ஷியா கிருமி உடம்பில் ஏறுகிறது. மழை தொடங்கிக் குளிர்காலம் முடியும்வரை அதிகமாகக் காணப்படும்.

கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல, நடுவில் கறுத்த பொருக்கும் சுற்றிலும் சிவந்த வளையமுமாக ஒரு புண் உண்டாகும். அகலம் அரை செ.மீ. முதல் ஒன்றரை செ.மீ. வரை இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் குழந்தையும் சொல்லாது, தாயும் பார்த்திருக்க மாட்டார். அது ஒளிந்திருக்கும் இடங்கள் அக்குள், தொடையிடுக்கு, விதைப்பை, பிட்டப் பிளவு, காதின் பின்புறம், தலைமுடிக்குள், தொப்புள். ஈரமான மடிப்புகளில் கறுப்புப் பொருக்கு உதிர்ந்து வெறும் ஆழமற்ற புண்ணாக மட்டும் தெரியும். பக்கத்தில் நெறிகட்டியிருந்தால் அந்தத் திசையிலேயே தேடுங்கள். ஐந்தாறு நாள் காய்ச்சலோடு வரும் எந்தக் குழந்தைக்கும் இந்தத் தேடலைச் செய்யாமல் கேஸ் சீட்டை மூடக் கூடாது.

பொருக்கு கிடைத்துவிட்டால் ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். முதல் வாரத்தில் எலிசா நெகட்டிவாக வரலாம். வெய்ல்–ஃபெலிக்ஸ் நெகட்டிவ் என்றாலும் நோய் இல்லை என்று ஆகாது. டாக்சிசைக்ளின் கிலோவுக்கு 2.2 மி.கி. வீதம் இரு வேளை, அல்லது அசித்ரோமைசின் கிலோவுக்கு 10 மி.கி. ஒரு வேளை. குறுகிய காலத்துக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளினால் பல் கறைபடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. அந்தப் பழைய அச்சத்தால் மருந்தை நிறுத்தி வைக்காதீர்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான ஆய்வு, கடுமையான உண்ணிக் காய்ச்சலில் இந்த இரண்டையும் ரத்தநாளம் வழியாகச் சேர்த்துக் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேலானது என்று காட்டியது. அதில் பங்கேற்றவர்கள் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் என்பதால் சிறு குழந்தைக்குச் சேர்த்துக் கொடுக்கும் முடிவை மேல் மருத்துவமனையிடம் விடுங்கள். முதல் மருந்தை மட்டும் நீங்களே தொடங்கிவிடுங்கள்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த புள்ளிக்காய்ச்சல் கிருமிகளும் தென்னிந்தியாவில் உண்டு. அவற்றில் தடிப்பு உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவி ஊதாவாக மாறும். காது மடலும் விரல் நுனியும் கறுக்கலாம். ஆகவே நம் பகுதியில் காய்ச்சலோடு ஊதாத் தடிப்பு வந்து, மெனிஞ்சோகாக்கஸா இதுவா என்று பிரிக்க முடியாதபோது, செஃப்ட்ரியாக்சோனுடன் டாக்சிசைக்ளினையும் சேர்த்துக் கொடுப்பதே பாதுகாப்பு.

வீட்டில் என்ன போட்டீர்கள்?

மருத்துவமனைக்கு வருமுன் பெரும்பாலான குழந்தைகளுக்கு வீட்டில் ஏதாவது போட்டிருப்பார்கள். வேப்பிலை, மஞ்சள், தேங்காயெண்ணெய், மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய டியூப் என எதுவாகவும் இருக்கலாம். அக்கி என்று குயவரிடம் போய்க் காவிக் குழம்பால் எழுதி வந்திருப்பார்கள். அந்தக் காவிக்குக் கீழே இருப்பது அக்கியா, சீழ்பிடித்த கொப்புளமா என்று வெதுவெதுப்பான நீரில் மெதுவாகத் துடைத்துத்தான் பார்க்க வேண்டும். கேட்கும் விதத்தில்தான் பதில் கிடைக்கும். "ஆச்சி, பிள்ளைக்கு வீட்ல என்ன போட்டீங்க? எதுவா இருந்தாலும் சொல்லுங்க, யாரும் ஏச மாட்டோம்" என்று கேட்டால் மடியில் முடிந்து வைத்திருக்கும் டியூப் வெளியே வரும்.

அம்மை என்றால் பல குடும்பங்கள் மருத்துவமனைக்கு வருவதே இல்லை. வீட்டில் வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை காத்திருப்பார்கள். வந்துவிட்டவர்களிடம் அந்த நம்பிக்கையைப் பழித்துப் பேசாதீர்கள். வேப்பிலைப் படுக்கையும் தனிமையும் குழந்தைக்குக் கெடுதலல்ல. எப்போது தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: நின்ற காய்ச்சல் நான்காம் நாளுக்குப் பிறகு மறுபடி ஏறினால், ஒரு கொப்புளத்தைச் சுற்றி வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், தடுமாறி நடந்தால். சின்னம்மையில் ஆஸ்பிரினும் இபுப்ரூஃபெனும் கூடாது, பாராசிட்டமால் போதும்.

எலுமிச்சையும் வெயிலும்

2025-ல் புவிசார் குறியீடு பெற்ற புளியங்குடி எலுமிச்சை ஊருக்குப் பெருமை. அதன் சாற்றிலும் தோலிலும் பியூரோகுமாரின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது தோலில் பட்டு, அதன் மேல் வெயிலின் புற ஊதாக் கதிர் விழுந்தால் தோல் வெந்துபோகும். ஒவ்வாமை எதுவும் தேவையில்லை, யாருக்கும் வரும். தோப்பிலும் பழம் பிரிக்கும் இடத்திலும் விளையாடும் குழந்தைக்கும், வெயிலில் எலுமிச்சை பிழிந்த குழந்தைக்கும், அரிப்புக்கென்று எலுமிச்சை தேய்த்துவிடப்பட்ட குழந்தைக்கும் வரலாம்.

இதைக் கண்டுபிடிக்க உதவுவது வடிவமும் நேரமும். சாறு பட்ட அன்று ஒன்றும் தெரியாது. ஒரு நாள் கழித்து எரிச்சலோடு சிவந்து, இரண்டு மூன்று நாளில் கொப்புளம் கட்டும். ஆறிய பிறகு கரும்பழுப்புத் தழும்பு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நிற்கும். அரிப்பைவிட எரிச்சலும் வலியும் அதிகம். மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கி வழிந்த கோடு, அதன் முடிவில் சொட்டு வடிவம், வாயைச் சுற்றி நீர்த்தாரை, தம்பியின் முதுகில் அக்காவின் ஈரக் கைவிரல் பதிந்த அடையாளம்: இப்படித்தான் அது தெரியும். சட்டை மூடிய இடத்தில் கோடு சட்டென்று நின்றுவிடும். பெற்றோருக்கு இரண்டு நாள் முந்தைய எலுமிச்சை நினைவிருக்காது. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கேட்காவிட்டால் இரண்டு தவறுகள் நேரும். ஒன்று, கிருமித் தொற்று என்று தேவையில்லாத ஊசிகள். இன்னொன்று, அடித்த தழும்பு, சூடு வைத்த தழும்பு என்று அப்பாவிப் பெற்றோர் மீது சந்தேகம். மறுபக்கத்தையும் மறவாதீர்கள். கதைக்கும் காயத்துக்கும் பொருத்தமில்லை, வெவ்வேறு வயதுத் தழும்புகள் இருக்கின்றன, சுட்ட காயம் உருண்டையாக ஒரே அளவில் இருக்கிறது என்றால் குழந்தையை வீட்டுக்கு அனுப்பாமல் சேர்த்துக்கொண்டு, 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தகவல் தாருங்கள்.

எலுமிச்சைப் புண்ணுக்குக் கழுவுதல், குளிர்ந்த ஈரத்துணி ஒற்றடம், வலி மருந்து, சில நாள் மிதமான ஸ்டீராய்டு களிம்பு, வெயிலில் காட்டாமல் மூடி வைத்தல் போதும். மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் சிறு வண்டு தோலில் நசுங்கினாலும் இதேபோல் கோடாக வேகும். கழுத்திலும் கண்ணோரத்திலும், தூங்கி எழுந்த காலையில் தெரியவந்தால் அதை நினையுங்கள். சேராங்கொட்டைப் பால் பட்ட இடம் கறுத்து, சுற்றிலும் அரித்துக் கொப்புளிக்கும்.

கொப்புளங்கள்

கை, கால், பிட்டம், வாய்க்குள் சிறு கொப்புளங்கள் என்றால் கை–கால்–வாய் நோய். 2022 மே மாதம் மலைக்கு அந்தப்புறம் கொல்லம் மாவட்டத்தில் பரவி, தக்காளிக் காய்ச்சல் என்று பேரச்சத்தைக் கிளப்பியது இந்த நோயின் ஒரு வடிவமே. தண்ணீர் குடிக்கிறதா என்று பாருங்கள். குடித்தால் வீட்டுக்கு அனுப்பலாம்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை தொட்டாலே அழுகிறது, வாயைச் சுற்றியும் அக்குளிலும் தோல் உரிகிறது, ஆனால் வாய்க்குள் புண் இல்லை என்றால் ஸ்டெஃபைலோகாக்கஸ் நச்சு. வாய், கண், பிறப்புறுப்பு புண்ணாகி உடம்பும் உரிந்தால் மருந்து ஒவ்வாமையின் கொடிய வடிவமான ஸ்டீவன்ஸ்–ஜான்சன். வலிப்பு மருந்துகளான ஃபெனிட்டோயின், கார்பமசெப்பின், மற்றும் கோட்ரைமாக்சசோல் ஆகியவை முதல் சந்தேகத்துக்குரியவை. கடந்த 8 வாரத்தில் தொடங்கிய எல்லா மருந்தையும் கேட்டு, சந்தேகமானதை உடனே நிறுத்தி, மேல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். கரப்பான் உள்ள குழந்தைக்குத் திடீரென்று ஒரே அளவில் குழிந்த புண்கள் கூட்டமாக வந்தால் ஹெர்பிஸ் தொற்று. அசைக்ளோவிர் அன்றே தொடங்க வேண்டும்.

காணாக்கடி

இடம் மாறி மாறி, வந்து மறையும் அரிப்புத் தடிப்பு தோலோடு நின்றால் செடிரிசின் போதும். கூடவே இரைப்பு, தொடர் வாந்தி, மயக்கம், நாக்கு வீக்கம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் அது அனஃபிலாக்சிஸ். குளவி கொட்டியதோ, ஊசி போட்டதோ, வேர்க்கடலை தின்றதோ, காரணம் பிறகு. முதல் மருந்து அட்ரினலின்: 1:1000 கரைசல், கிலோவுக்கு 0.01 மி.லி., நடுத்தொடையின் வெளிப்புறத் தசையில். 10 கிலோ குழந்தைக்கு 0.1 மி.லி.; சிறுவர்களுக்கு அதிகபட்சம் 0.3 மி.லி. தேவையானால் 5 நிமிடத்தில் மறுபடி. அவில், டெக்ஸா ஊசிகளை முதலில் போட்டுவிட்டுக் காத்திருக்கும் வழக்கம் உயிரைக் காக்காது. சரியான பிறகும் 4 முதல் 6 மணி நேரம் கண்காணிப்பில் வையுங்கள்.

காய்ச்சலின் நாள்கணக்கு

கேஸ் சீட்டில் "காய்ச்சல், தடிப்பு" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. காய்ச்சல் எத்தனையாம் நாள், தடிப்பு எந்த நாள் வந்தது என்று எழுதுங்கள்.

சளி, இருமல், சிவந்த கண்ணோடு காய்ச்சல் வந்து, மூன்று நான்கு நாள் கழித்துக் காதின் பின்புறத்திலிருந்து கீழே இறங்கும் தடிப்பு தட்டம்மை. தடுப்பூசி அட்டையைப் பாருங்கள்; முதல் தவணை 9 மாதத்தில். வைட்டமின் ஏ அடுத்தடுத்த இரு நாள் கொடுக்க வேண்டும்: 6 மாதத்துக்குள் 50,000 அலகு, 6 முதல் 11 மாதம் வரை 1 லட்சம், ஒரு வயதுக்கு மேல் 2 லட்சம்.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாளே ஆபத்தான நாள். காய்ச்சல் விட்டதே என்று நிம்மதியாகும் நேரத்தில் வயிற்றுவலி, தொடர் வாந்தி, சோர்வு, ஈறில் ரத்தம் தென்பட்டால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து நாளுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சலோடு, பீளை இல்லாத சிவந்த கண், வெடித்த உதடு, சிவந்த நாக்கு, கை கால் வீக்கம், கழுத்து நெறி, தடிப்பு, பி.சி.ஜி. தழும்பு சிவத்தல் ஆகியவற்றில் சில சேர்ந்தால் கவாசாகி நோய். ஜப்பானிய மருத்துவர் டொமிசாகு கவாசாகி 1967-ல் விவரித்தது. சிகிச்சை இல்லாவிட்டால் ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்கு இதயத் தமனி வீங்கும். 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் கொடுத்தால் அது 4 சதவீத அளவுக்குக் குறைகிறது. அறிகுறிகள் ஒரே நாளில் சேர்ந்து வராது. நேற்று இருந்து மறைந்ததையும் கேட்டு எழுதுங்கள்.

காத்திருக்கக் கூடியவை

சிரங்கு, படர்தாமரை, வேர்க்குரு, தேமல் ஆகியவை அவசரமல்ல. ஆனாலும் வந்த குழந்தையை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். சொறிசிரங்குக்கு வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே இரவில் பெர்மெத்ரின் பூச வேண்டும்; ஒரு வாரத்தில் மறுபடி. படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த டியூப் பூசினால் அரிப்பு அடங்கி, படை பரவி, உருவமே மாறிவிடும். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கத் தடை விதித்தது; வீட்டு அலமாரிகளில் அவை இன்னும் இருக்கின்றன. என்ன நோய் என்று தெரியாதபோது "எதற்கும் இருக்கட்டும்" என்று கலவைக் களிம்பு எழுதாதீர்கள். வெளிறிய தேமலில் பஞ்சு பட்டது தெரியவில்லை என்று குழந்தை சொன்னால் தொழுநோய்ப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

அனுப்பும்போது

மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டில் எடை, காய்ச்சலின் நாள், தடிப்பின் நாள், கொடுத்த மருந்தும் நேரமும், வீட்டில் போட்டது, தடுப்பூசி நிலை ஆகியவை இருக்கட்டும். பெற்றோர் சம்மதத்தோடு முகம் தெரியாமல் மூன்று படம் எடுங்கள்: பரவல் தெரிய ஒன்று, நெருக்கமாக ஒன்று, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து ஒன்று. தடிப்பின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து நேரம் எழுதினால், பரவுகிறதா என்று அடுத்த மருத்துவர் ஒரே பார்வையில் அறிவார்.

வீட்டுக்கு அனுப்பும்போது திரும்பி வர வேண்டிய அடையாளங்களைத் தாயிடம் சொல்லி, அவர் வாயால் திருப்பிச் சொல்லக் கேளுங்கள். தம்ளர் சோதனையை அவர் கையாலேயே செய்யக் கற்றுக்கொடுங்கள். முடிவு செய்ய முடியவில்லையென்றால் 4 மணி நேரம் கட்டிலில் வைத்திருந்து, மறுபடி துணி களைந்து, அதே வரிசையில் உச்சி முதல் உள்ளங்கால் வரை பாருங்கள். குழந்தைகளின் தடிப்பு மணிக்கு மணி மாறும். முதல் பார்வையில் பிடிபடாத நோய் இரண்டாம் பார்வையில் பிடிபடுவது இந்தத் துறையில் அன்றாடம் நடப்பது. அந்த இரண்டாம் பார்வைக்கு நேரம் ஒதுக்குவதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.